சோமுகன் மேல் போட்ட வழக்கு

அசுரர்கள் திருடியதை எல்லாம் ஒரு பட்டியலாகப் போட்டுப் பாருங்கள். இராவணன் அடுத்தவன் பெண்டாட்டியைத் தூக்கினான். இரணியாட்சன் பூமியையே சுருட்டிக்கொண்டு கடலுக்குள் போனான். நரகாசுரன் தேவர்களின் தாயான அதிதியின் காதிலிருந்து குண்டலத்தைக் கழற்றிக்கொண்டான். போகிற போக்கில் வருணனின் குடையையும் விட்டுவைக்கவில்லை. குடை திருடுகிற புத்தி அவ்வளவு பழசு. வேதத்தின் மேல் கை வைத்தவர்கள் இந்தக் கூட்டத்தில் ஒரு சிலர்தான். அவர்களில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஆகிவிட்டவன் சோமுகன். நாலு வேதம் எடுத்தான். நகை நட்டு, பாத்திரம் பண்டம் எதையும் தொடவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பையன் யாரும் அடிக்காமல் திட்டாமல் தானாகப் போய் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால், யார் கண்ணும் பட்டுவிடக்கூடாதென்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். சோமுகன் நாலு எடுத்ததற்கு மகாவிஷ்ணுவே மீனாக மாறிக் கடலுக்குள் குதித்து அவன் கணக்கை முடித்தார். அந்த மீன் கரையேறிக் குடியிருக்கும் ஊர் நாகலாபுரம். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்களுக்கு எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி, அடுத்து நாகலாபுரம், அப்புறம் பிச்சாட்டூர். முன்பு சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். வேதநாராயண சுவாமிக்கு இடுப்புக்கு மேலே பெருமாள் உடம்பு, கீழே மீன். கையிலிருக்கும் சக்கரம் அலங்காரத்துக்கு வைத்த சக்கரம் இல்லை. இதோ விடப்போகிறேன் என்கிற பாவனை. செத்தவன் செத்து எத்தனை யுகமோ ஆயிற்று, சாமி இன்னும் கையை இறக்கவில்லை.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது சோமுகனை நினைத்துப் பயந்தேன். பெரியவனான பிறகு கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தால், இது எந்தக் கோர்ட்டிலும் நிற்காது என்று தோன்றுகிறது.

முதலில் புகார் கொடுத்தவரைப் பார்ப்போம். பிரம்மா. பாகவதம் சொல்கிறபடி, கல்பம் முடிகிற நேரத்தில் அவருக்குக் கண் சொக்கியது. படுக்கலாம் என்று நினைக்கிறபோதே வாயிலிருந்து வேதம் நழுவியது. பக்கத்தில் நின்றவன் எடுத்துக்கொண்டான். பூட்டு உடையவில்லை, சுவரில் கன்னம் வைக்கவில்லை. டியூட்டி நேரத்தில் தூங்கியவருக்கு ஒரு மெமோ கூடக் கிடையாது.

அடுத்தது குற்றவாளியின் பெயர். நாகலாபுரத்தில் அவன் சோமுகன். பாகவதத்தில் ஹயக்ரீவன். இன்னும் சில புராணங்களில் சங்காசுரன். ஆள் ஒருத்தன், பெயர் மூன்று. இதில் ஹயக்ரீவன் என்பது குதிரை முகத்தோடு வந்த விஷ்ணுவின் அவதாரத்துக்கும் பெயர். அந்த ஹயக்ரீவர் மது, கைடபன் என்ற இரண்டு பேரிடமிருந்து வேதத்தை மீட்டவர். திருடனும் போலீசும் ஒரே பெயரில் இருந்தால் சம்மனை யார் வீட்டுக் கதவில் ஒட்டுவது? அது போகட்டும், ஒருமுறை களவு போன பொருள் மறுபடியும் களவு போயிருக்கிறது. நடுவில் யாராவது பூட்டை மாற்றினார்களா?

மூன்றாவதுதான் முக்கியம். தமிழில் வேதத்துக்கு எழுதாக் கிளவி என்றே பெயர். வாயால் சொல்லிக் காதால் வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்கிற சங்கதி. எழுதாத ஒன்றை எப்படி மூட்டை கட்டினான்? கடலடியில் எதற்குள் ஒளித்து வைத்தான்? இதை மனதில் வைத்திருங்கள், திரும்பி வருகிறேன்.

இந்த மீன் கதையின் ஆகப் பழைய வடிவம் சதபத பிராமணத்தில் இருக்கிறது. மனு காலையில் கை கழுவுகிறார். கையில் ஒரு குட்டி மீன் வந்து மாட்டுகிறது. என்னைக் காப்பாற்று, பெரிய மீன் சின்ன மீனைத் தின்றுவிடும் என்கிறது. வளர்த்துவிட்டால் பின்னால் வெள்ளம் வரும்போது உன்னைக் கரை சேர்ப்பேன் என்றும் ஒரு டீல் போடுகிறது. வெள்ளம் வருகிறது, படகு, கொம்பில் கயிறு, வடக்கே ஒரு மலை. அவ்வளவுதான். அசுரன் கிடையாது. களவு கிடையாது. சோமுகனின் அப்பாவுக்குக் கூட அந்தக் கதையில் வேலை இல்லை.

பாகவதத்துக்கு வரும்போது மனுவின் இடத்தில் சத்தியவிரதன் நிற்கிறான். அவன் திராவிட நாட்டு ராஜா என்று பாகவதமே சொல்கிறது. மீன் கிடைத்த இடம் கிருதமாலை நதி. மதுரைப் பக்கம் வைகையோடு சேர்த்துச் சொல்கிற நதி. ஆக, உலகம் அழியப்போகிறது என்ற முதல் வெள்ள அபாய அறிவிப்பு வந்து சேர்ந்தது நம் ஆளின் கமண்டலத்துக்கு. மீன் கமண்டலத்தில் இடம் போதாது என்றது, பானைக்கு மாற்றினான். பானை போதாது என்றது, குளம். குளமும் போதாது, ஏரி. கடைசியில் கடல். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த மீனின் குரல் நன்றாகத் தெரியும், வீட்டுக்காரரின் பொறுமைதான் நம்ப முடியாதது.

பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்ற அந்தப் பயம் கதையோடு நிற்கவில்லை. கௌடில்யர் அதை அர்த்தசாஸ்திரத்தில் அரசியலாக்கிவிட்டார். மீன் நியாயத்தில் மாட்டித் தவித்த ஜனங்கள் மனுவை ராஜாவாக்கி, விளைச்சலில் ஆறில் ஒரு பங்கை வரியாக ஒப்புக்கொண்டார்கள் என்கிறார். மீனைக் காப்பாற்றிய அதே மனு பெயர்தான். பெரிய மீனிடமிருந்து தப்பிக்க இன்னும் பெரிய மீனை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்ட மாதிரி.

ஆக, ஆற்றங்கரையில் குடியிருந்தவன் சொன்ன கதையில் வில்லன் தண்ணீர். வேதத்தை நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருந்தவன் அதே கதையைக் கையில் எடுத்தபோது தண்ணீர் பின்னால் போய்விட்டது, திருடன் முன்னால் வந்துவிட்டான். எவனுக்கு எது போய்விடுமோ என்று பயமோ, அதைத் திருடுகிறவனுக்குத்தான் கோரைப்பல் முளைக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து ஒன்று போதும். சித்தூர்ப் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பிரசித்தம். கடைசி நாள் களிமண்ணில் செய்த துரியோதனன் தெருவை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். கூத்தில் ராஜாவோ ராட்சசனோ திரைக்குப் பின்னால் கிரீடம் குலுங்க ஆடி, உலகம் நடுங்குகிற மாதிரி தன் பெருமையைப் பாடி முடித்ததும், கட்டியக்காரன் ஒருத்தன் வந்து, நீ யாரப்பா என்பான். அந்த ஒரு கேள்வியில் பாதிக் கிரீடம் சரிந்துவிடும். சோமுகன் கதையை யாராவது எனக்குக் கூத்தாக எழுதக் கொடுத்தால் இப்படி ஆரம்பிப்பேன்:

"அடே கட்டியக்காரா, நான் யார் தெரியுமா?"

"ராஜாவே, மூஞ்சியில இவ்ளோ அரிதாரம் பூசிக்கினு வந்தா பெத்தவளுக்கே தெரியாது. நீயே சொல்லிடு."

"நாலு வேதத்தையும் கொண்டு வந்த சோமுகாசுர மகாராஜன்!"

"அப்படியா மகராசா. மூட்டைய எறக்கு, பாப்போம்."

"மூட்டை இல்லடா."

"பின்ன எதுல கொண்ணாந்தே?"

"காதுல."

"காதுலயா?"

"அவங்க சொல்லிக்கினு இருந்தாங்க. நான் பக்கத்துல நின்னேன். கேட்டுது."

"அடப்பாவி! கேட்டுட்டியா? அதுக்குத் திருட்டுக் கேஸே தேவலாம் ராஜாவே, அதையே ஒத்துக்க."

கட்டியக்காரன் சொல்வதில் சட்டம் இருக்கிறது. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். எழுதாக் கிளவியைத் திருட ஒரே வழி காதுதான். இப்போது அந்தக் கேஸ் கட்டில் மிச்சமிருந்த சிக்கலும் அவிழ்கிறது. காதுள்ளவன் எவனும் சோமுகன் ஆகலாம். அது பெரிய பயம். அந்தப் பயத்துக்குக் கொம்பும் பல்லும் வைத்துக் கடலுக்கடியில் உட்கார வைத்துவிட்டால், பக்கத்துத் தெருக்காரனைப் பார்த்து நாம் பயப்படுகிறோம் என்று யாரும் வெளியே சொல்ல வேண்டியதில்லை.

நாகலாபுரத்துக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. ஊருக்குப் பழைய பெயர் அரிகண்டபுரம் என்பார்கள். கிருஷ்ணதேவராயர் தன் அம்மா நாகலாதேவி பெயரில் நாகலாபுரம் ஆக்கினார், கோயிலையும் எழுப்பினார். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்டவர். சுற்றுப்பட்டு ராஜாக்களை எல்லாம் அடித்து நொறுக்கிய மனிதர், அம்மா பெயரை ஒரு ஊருக்கு வைத்து, வேதத் திருடனை அடித்த சாமிக்கு அங்கே மதில் கட்டினார். இதுவரை சரி. ஆனால் அதே ராயர் உட்கார்ந்து தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்று ஒரு காவியம் எழுதினார். கதை நம்ம ஊர் ஆண்டாளுடையது. அதற்குள் ஒரு பூதக் கதையைச் செருகியிருக்கிறார். அந்தக் கதையில் பூதம் யார் தெரியுமா? சோமசர்மா என்ற பிராமணர்.

திருக்குறுங்குடிக்கு விடியற்காலையில் போய்ப் பெருமாளைப் பாடுகிறவன் மாலதாசரி, தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஜாதி. ஒருநாள் நேரம் தப்பிப் புறப்பட்டு, வழி தவறி, ஆலமரத்தடி பிரம்மராட்சசனிடம் மாட்டிக்கொள்கிறான். தின்னப்போகிறேன் என்கிறது பூதம். தின்னு, ஆனால் பாடிவிட்டு வருகிறேன் என்கிறான். யாராவது பூதத்துக்குச் சாப்பாடாகத் திரும்பி வருவானா? இவன் வருகிறான். பூதம் ஆடிப்போய் அவன் காலில் விழுந்து, நீ பாடின பாட்டின் பலனில் கொஞ்சம் கொடு, நான் பழையபடி மனிதன் ஆகிறேன் என்று கெஞ்சுகிறது. தமிழ்ப் பக்கம் இதே கதை நம்பாடுவான் கதை. கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசியில் திருக்குறுங்குடிக் கோயிலில் நாடகமாகவே நடிக்கிறார்கள். கைசிக புராணம் சொல்கிறபடி, அந்தச் சோமசர்மா ஆசைப்பட்டு, மந்திரம் ஒழுங்காகத் தெரியாமல் யாகம் நடத்திப் பாதியில் செத்தவர்.

நாகலாபுரத்து அசுரன் வேதத்தைக் கேட்டதால் செத்தான். ராயரின் கதையில் பூதம் ஆனவர் வேதம் ஓத உரிமையுள்ள பிராமணர், அவரை மீட்டெடுத்தவன் வேதத்தின் பக்கமே வரக்கூடாதவன். கோயில் கட்டிய கையும் காவியம் எழுதிய கையும் ஒரே ஆளுடையதுதானா என்று சில சமயம் கேட்கத் தோன்றுகிறது. என் தீர்ப்பைச் சொல்வதென்றால், ராயர் கல்லில் சொன்னதைவிட எழுத்தில் சொன்னது தைரியமானது.

திருட்டுப் பயம் இவ்வளவு பெரிதாக இருந்த தேசத்தில் உண்மையான நஷ்டம் எங்கே நடந்தது என்று பார்த்தால் கரிவலம்வந்தநல்லூர் ஞாபகம் வருகிறது. வரகுணபாண்டியர் வைத்திருந்த ஏடுகளைத் தேடிக்கொண்டு உ.வே. சாமிநாதையர் அந்த ஊர்க் கோயிலுக்குப் போனார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. எந்த அசுரனும் அந்தப் பக்கம் வந்ததாகத் தகவல் இல்லை.

பயத்துக்கு ஆள் உருவம் கொடுப்பதில் மேலோர் மட்டும் கெட்டிக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். வயலில் நிற்கிறவனுக்கும் ஓர் அசுரன் உண்டு, அவன் பகாசுரன். ஏகசக்கர நகரத்தில் அவன் கணக்கு வெகு துல்லியம். முறை வைத்து வீட்டுக்கு வீடு ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, கொண்டு வருகிற ஆள். அதற்குப் பதிலாக வெளி எதிரிகளிடமிருந்து ஊரை அவன்தான் காப்பாற்றுகிறான் என்று மகாபாரதமே சொல்கிறது. ஊருக்கு ஒரு ராஜா இருக்கிறார், ஆனால் ஒன்றுக்கும் உதவாதவர். ஆறில் ஒரு பங்கு வாங்குகிறவனுக்குக் கிரீடம் வைத்தால் மனு, பல் வைத்தால் பகன். பாரதக் கூத்து நடக்கிற ஊர்களில் பகாசுர வதம் அன்றைக்குப் பீமன் வேஷக்காரர் சோற்று வண்டியில் ஏறித் தெருத்தெருவாகச் சாப்பிட்டுக்கொண்டே வருவார். ஜனங்களுக்கு இதில் சந்தோஷம் அசுரன் சாவதா, வரிக்குப் போன சோறு திரும்பி நம்ம ஆள் வயிற்றுக்கே போவதா என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

பக்கத்துச் சுருட்டப்பள்ளியிலும் ஒரு கூலித் தகராறு படுத்திருக்கிறது. பாற்கடலைக் கடைந்ததில் தேவர்களும் அசுரர்களும் சரிபாதி உழைப்பு. ஆலகாலம் வந்தபோது எல்லாருக்கும் பொது ஆபத்து. அமுதம் வந்தபோது ஒரு பக்கத்துக்கு மட்டும் பந்தி. நடுவில் விஷத்தைக் குடித்த சிவன் தலை சுற்றிப் பார்வதி மடியில் சாய்ந்து படுத்துவிட்டார். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்கிற இடத்தில் பள்ளிகொண்ட ஈஸ்வரன். இரண்டு தரப்புக்கும் நடுவில் போகிறவன் கதி எப்போதும் இதுதான்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. எல்லைத் தகராறில் படாஸ்கர் சொன்ன தீர்ப்பின்படி ஆந்திராவும் சென்னை மாநிலமும் ஊர்களை மாற்றிக்கொண்டது 1960 ஏப்ரல் 1-ம் தேதி. தேதியைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, நீங்களும் சிரிக்காதீர்கள். திருத்தணி சென்னைப் பக்கம் போனது, சில ஊர்கள் ஆந்திரப் பக்கம் வந்தன. அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் அசுரனாகத்தான் பார்த்திருக்கும். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1957-ல், வடபழனியில் எடுத்த மாயாபஜார் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். கல்யாணத்துக்குச் சமைத்ததை எல்லாம் ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்த கடோத்கஜன் மட்டும் இரண்டிலும் எஸ்.வி. ரங்காராவ். எல்லைக்கு எல்லை கதாநாயகன் மாறினான், ராட்சசன் மாறவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்குப் பந்தியில் சோறு தீர்ந்துவிடுமோ என்கிற பயம் இரண்டு மொழிக்கும் பொது.

சோமுகனுக்கு இப்படி ஒரு ரங்காராவ் கிடைக்கவில்லை. கூத்திலும் சினிமாவிலும் சிரிக்க வைத்த அசுரனைக் குழந்தைகள் தேடிப் போகிறார்கள். சிரிக்க வைக்காதவன் ஸ்தல புராணத்தில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறான். நாகலாபுரத்தில் அவனுக்கு நடந்த சண்டையைவிட, சண்டைக்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. நெடுங்காலம் தண்ணீருக்குள்ளேயே சண்டை போட்டதில் பெருமாளுக்கு உடம்பு சில்லிட்டுவிட்டதாம். மீனாகப் போனவருக்கே ஜலதோஷம். சூரியன் இரக்கப்பட்டு வெயில் காட்டி உடம்பைச் சூடாக்கினானாம். அதனால் இன்றும் மார்ச் மாதத்தில் மூன்று சாயங்காலம், மேற்கிலிருந்து வெயில் கோபுர வாசல் வழியாக நுழைந்து, மண்டபங்களைக் கடந்து கருவறை வரை போகிறது. முதல் நாள் பாதம், இரண்டாம் நாள் நடு உடம்பு, மூன்றாம் நாள் திருமுடி. அதைக் கணக்குப் போட்டுக் கல் அடுக்கிய ஸ்தபதியின் பெயர்தான் உண்மையில் களவு போன பொருள். அதற்கு யாரும் புகார் கொடுக்கவில்லை.

பார்க்க ஆசை இருந்தால் மார்ச்சில் வாருங்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் சூரிய பூஜைத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆறு மணிக்கு முன்னாலேயே உள்ளே போய் ஓர் ஓரமாக நில்லுங்கள். நடுவில் நின்றால் வெயில் உங்கள் முதுகில்தான் விழும், பின்னால் இருப்பவர்கள் திட்டுவார்கள், தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. மொத்தமே சில நிமிஷந்தான். மேகம் போட்டிருந்தால் அதுவும் கிடையாது.